சீட்டாட்டமும் எண்ணறிவும்

ஒரு சீட்டாட்டத்தின் விதிகளைக் கற்றுக்கொள்ளக் கால் மணி நேரம் போதும். அந்த விதிகளுக்குள் மறைந்து கிடக்கும் கணக்கைக் கண்டுகொள்ள மனித இனத்துக்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் எத்தனையோ குடும்பங்களின் செல்வம் மூழ்கிப் போயிற்று. நாடிழந்த மன்னர்களின் பழங்கதைகள் தொடங்கி, கைப்பேசியில் ஆடிக் கடன்பட்ட இளைஞர்களின் இன்றைய செய்திகள் வரை, வரலாறு இந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. 'போக்கர்' என்று மேலை நாட்டார் வழங்கும் ஆட்டத்துக்கு நெருங்கிய உறவினதாய், நம் நாட்டில் 'மூன்று சீட்டு' எனவும் 'தீன் பத்தி' எனவும் வழங்கும் ஆட்டத்தை முன்வைத்து, மாணவர்களாகிய உங்களுக்கு அவ்வரலாற்றைச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

ஆட்டம் என்பது நமக்குப் புதியது அன்று. எங்கள் சிவகங்கை மாவட்டத்தில், வையைக் கரையை அடுத்த கீழடியில், 2015 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் யானைத் தந்தத்தால் செய்த பகடையும், சுடுமண் பகடையும், ஆட்டக் காய்களும் கிடைத்துள்ளன. அவ்வூரின் தொன்மை கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை செல்வதாகத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்த அதே மண்ணில் பகடையும் கிடைத்தது என்பது கருதத்தக்கது. எழுதக் கற்ற மக்கள் ஆடவும் கற்றிருந்தனர்.

இலக்கணமும் இதற்குச் சான்று தருகிறது. சூதாடு கருவியைக் குறிக்கும் 'வல்' என்னும் சொல், 'நாய்' என்னும் சொல்லோடும் 'பலகை' என்னும் சொல்லோடும் எவ்வாறு புணரும் என்பதற்குத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் தனி விதி வகுத்திருக்கிறது. இங்கே நாய் என்பது விலங்கன்று; பலகையில் நகர்த்தும் காய். இலக்கண ஆசிரியர் தனியே விதி செய்யும் அளவுக்கு அச்சொல் மக்கள் நாவில் வழங்கியிருத்தல் வேண்டும். புறநானூற்றின் 52ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் பாழடைந்த பொதுமன்றம் ஒன்றைக் காட்டுகிறார். நரைத்த முதியவர்கள் நாள்தோறும் காய் உருட்டிக் குழிந்துபோன இடத்தில், ஊர் அழிந்தபின் காட்டுக்கோழி முட்டையிடுகிறதாம். ஓர் ஊர் வாழ்ந்ததற்கு அடையாளமாகப் புலவர் கண்டது அந்த ஆட்டக் குழியைத்தான்.

ஆகவே, ஆட்டத்தை நம் முன்னோர் வெறுத்தனர் எனக் கூறுவதற்கில்லை. வெறுத்தது சூதினை. திருவள்ளுவர் பொருட்பாலில் சூதுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். அது கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே நிற்கிறது. அந்த வைப்புமுறையிலேயே ஒரு கருத்து உண்டு. கள்ளைப்போல் பற்றிக்கொள்வது சூது. நோயைப்போல் உடலையும் பொருளையும் தின்பது சூது.

சூதில் நாடிழந்த மன்னர்களுள் நளன் கதையை நீங்கள் அறிவீர்கள். புகழேந்திப் புலவர் அதனை வெண்பாவிலும், அதிவீரராம பாண்டியர் நைடதமாகவும் பாடினர். கதையின் ஒரு பகுதியை மட்டும் இங்கே நினைவூட்டுகிறேன். நாடிழந்த நளன், இருதுபன்னன் என்னும் மன்னனுக்குத் தேர்ப்பாகனாகப் பணிசெய்கிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைக் கண்ட இருதுபன்னன், அதில் உள்ள காய்களின் தொகையைப் பார்த்த அளவிலேயே சொல்லிவிடுகிறான். நளன் வியந்து எண்ணிப் பார்க்கிறான். தொகை சரியாக இருக்கிறது. தேரோட்டும் கலையை நளன் கற்பிக்க, எண்ணும் கலையை இருதுபன்னன் கற்பிக்கிறான். அதன் பிறகே நளன் மீண்டும் சூதாடி, இழந்த நாட்டை மீட்கிறான். பழங்காலத்தில் சூதுக்காயாகப் பயன்பட்டது தான்றிக்காயே என்பதை அறிந்தால் இக்கதையின் நுட்பம் விளங்கும். நளன் முதன்முறை தோற்றபோதும் ஆட்டத்தின் விதியை அறிந்தே இருந்தான். அறியாதது எண்.

பகடை இவ்வளவு பழமையானது. சீட்டோ அதனை நோக்க இளையது. தாளைக் கண்டுபிடித்த சீன நாட்டில் சீட்டும் பிறந்தது. அரபு நாடுகளின் வழியே அது 1370களில் ஐரோப்பாவை எட்டியது. இந்தியாவுக்கு அது பாரசீகத்தின் வழியே 'கஞ்சிபா' என்னும் பெயரோடு வந்தது. மொகலாய மன்னர் பாபர், சிந்து நாட்டில் இருந்த நண்பர் ஒருவருக்கு 1527இல் கஞ்சிபாச் சீட்டுகளை அனுப்பியதைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இச்சீட்டுகள் பெரும்பாலும் வட்ட வடிவின. கையால் வண்ணந்தீட்டப் பெற்றவை. திருமாலின் பத்து அவதாரங்களைப் பத்து இனங்களாகக் கொண்ட தசாவதாரக் கட்டில் 120 சீட்டுகள் உண்டு. மைசூரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் இக்கலையைப் பெரிதும் போற்றி வளர்த்தார்.

நாம் இன்று கையாளும் 52 சீட்டுகளோ கப்பலில் வந்தவை. அவற்றின் இனப் பெயர்களே அதற்குச் சான்று. ஆட்டின், கிளாவர், இஸ்பேடு, டைமன் என்று கிராமத்துச் சிறுவனும் சொல்கிறான். அவனுக்குத் தெரியாது, தான் டச்சு மொழி பேசுகிறோம் என்பது. இதயத்தைக் குறிக்கும் 'ஹார்த்தன்' என்னும் டச்சுச் சொல்லே ஆட்டின் ஆயிற்று. மூவிலைப் புல்லைக் குறிக்கும் 'கிளாவர்' ஏறக்குறைய அப்படியே நின்றுவிட்டது. இஸ்பேடு என்பது வாளைக் குறிக்கும் தென் ஐரோப்பியச் சொல்லின் வழிவந்தது. டைமன் ஆங்கிலம். இலங்கைச் சிங்களத்திலோ நான்கு இனங்களின் பெயரும் டச்சு மொழியின் திரிபுகளே. டச்சுக்காரர்கள் 1658இல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேசியரிடமிருந்து கைப்பற்றினர். நாகப்பட்டினம் 1781 வரை அவர்கள் வசம் இருந்தது. கோட்டைகள் இடிந்தன, கிடங்குகள் மறைந்தன, சீட்டுக்கட்டின் சொற்கள் மட்டும் நம் திண்ணைகளில் நிலைத்துவிட்டன.

சொல்லோடு ஆட்டமும் வந்தது. யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் ஆடப்பெறும் 'முந்நூற்று நாலு' என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76. நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. ராஜாவையும் ராணியையும் ஒதுக்கி, ஜாக்கியையும் ஒன்பதையும் உயர்த்தும் இம்முறை டச்சு நாட்டு ஆட்டங்களில் உள்ளது. 1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து கூலித் தொழிலாளராகக் கப்பலேறி நேட்டால் சென்ற நம்மவரின் வழித்தோன்றல்கள் டர்பன் நகரில் ஆடும் 'துனி' என்னும் ஆட்டத்திலும் இதே மதிப்பெண்களே உள்ளன. கூட்டாளியின் குறிப்பறிந்து, சென்ற சீட்டுகளை நினைவில் வைத்து ஆடவேண்டிய ஆட்டம் இது. பணம் வையாமலே சுவைக்கும்.

என் ஊராகிய கீழச்சிவல்பட்டியில் இந்த ஆட்டத்தைப் பார்த்தே நான் வளர்ந்தேன். திருப்பத்தூர் வட்டத்தில், இளையாற்றங்குடிக்கு அணித்தே உள்ள நகரத்தார் ஊர் அது. பருமாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்தித் திரும்பிய முதியவர்கள், பகல் உணவுக்குப் பின் முகப்புத் திண்ணையில் ஜமக்காளம் விரித்து அமர்வார்கள். திருமண வீடுகளில் இரவெல்லாம் ஆட்டம் நடக்கும். மூன்று சீட்டு அவ்வளவு வெளிப்படையாக ஆடப்பெறுவதில்லை. இளவட்டங்கள் ஒதுங்கி ஆடுவார்கள்.

பள்ளி விடுமுறை ஒன்றில், அவ்வாட்டத்தின் விதியைச் சொல்லித் தருமாறு என் ஐயாவை, அதாவது தந்தையின் தந்தையை, நான் கேட்டேன். அவர் சிறு வயதில் பருமாவுக்குச் சென்று, பெட்டியடிப் பையனாகத் தொடங்கி அடுத்தாளாக உயர்ந்தவர். அவர் சினந்து கொள்ளவில்லை. சீட்டுக்கட்டை எடுத்து வரச்சொல்லி, விதிகளை முறையாகவே விளக்கினார்.

விதிகள் எளியவை. ஆடுவோர் ஒவ்வொருவரும் தொடக்கத்தில் ஒரு சிறு தொகையை நடுவில் இடவேண்டும். ஒவ்வொருவருக்கும் மூன்று சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படும். தம் சீட்டைப் பார்த்தும் ஆடலாம், பாராமலும் ஆடலாம். பாராமல் ஆடுபவர் இடுவதைப்போல் இருமடங்காயினும் பார்த்து ஆடுபவர் இடவேண்டும். முறை வரும்போது பணம் இட விரும்பாதவர் சீட்டைக் கவிழ்த்து விலகலாம். இட்ட பணம் திரும்பாது. இறுதியில் இருவர் எஞ்சும்போது ஒருவர் காட்டச் சொல்லலாம். உயர்ந்த சீட்டு உடையவர் நடுவில் உள்ளதை அள்ளுவார். மற்றவர் அனைவரும் விலகிவிட்டால், எஞ்சிய ஒருவர் சீட்டைக் காட்டாமலே வெல்வார்.

உயர்வு தாழ்வு ஆறு படியாக அமையும். ஒரே எண்ணுடைய மூன்று சீட்டுகள் முதல் படி; இதனை 'டிரெயில்' என்பர். ஒரே இனத்தில் தொடர்ந்துவரும் மூன்று இரண்டாம் படி. இனம் வேறாயினும் எண் தொடர்வது மூன்றாம் படி. எண் தொடராமல் இனம் மட்டும் ஒன்றாவது நான்காம் படி. இதற்குக் 'கலர்' என்று பெயர். ஒரு ஜோடி இருப்பது ஐந்தாம் படி. இவற்றுள் ஒன்றும் இன்றிப் பெரிய சீட்டை மட்டும் நம்பியிருப்பது கடைசிப் படி.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிதும் ஆடப்பெற்ற 'பிராக்' என்னும் ஆட்டமும் பெரும்பாலும் இதே அமைப்புடையது. ஆங்கிலேயரோடு அது இங்கு வந்து மூன்று சீட்டாயிற்று. பிராக்கும் அதனை ஒத்த பிரெஞ்சு நாட்டு ஆட்டங்களும் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுக் கரைகளில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலந்து உருவானதே போக்கர். மூன்று சீட்டு அங்கே ஐந்து சீட்டாயிற்று. இன்று உலகெங்கும் ஆடப்பெறும் 'டெக்சாஸ் ஹோல்டெம்' என்னும் வகையில் கையில் இரண்டு சீட்டும், அனைவர்க்கும் பொதுவாகத் திறந்து வைத்த ஐந்து சீட்டும் உண்டு. அந்த ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டு வெற்றி முடிவாகும்.

விதிகளைச் சொல்லி முடித்தபின் ஐயா என்னைப் பார்த்து, "ஆட்டத்தை யாரும் படிச்சுக்கிடலாம், பேராண்டி. அம்பத்திரண்டு சீட்டுல மூணு சீட்டு எத்தனை விதமா வரும்? அதைச் சொல்லு பார்ப்போம்" என்றார். நான் விழித்தேன். அவர் தாளும் பேனாவும் இன்றி வாயாலேயே கணக்கிட்டார். முதல் சீட்டு 52 வகையில் வரலாம், இரண்டாவது 51, மூன்றாவது 50. பெருக்கினால் 1,32,600. மூன்று சீட்டுகள் எந்த வரிசையில் வந்தாலும் ஒன்றே ஆதலால் ஆறால் வகுக்க வேண்டும். விடை 22,100. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று என்று எண்சுவடியை மனப்பாடம் செய்த தலைமுறை அது.

அன்று அவர் தொடங்கிய கணக்கைப் பின்னர் நானே முடித்துப் பார்த்தேன். நீங்களும் செய்து பாருங்கள். 22,100 வகையில் ஒரே எண்ணுடைய மூன்று வருவது 52 வகை. ஓரினத் தொடர் 48. பிற தொடர் 720. கலர் 1,096. ஜோடி 3,744. எஞ்சிய 16,440 வகையில் ஒன்றும் இல்லை. அதாவது, நான்கு முறை சீட்டெடுத்தால் ஏறக்குறைய மூன்று முறை கையில் எதுவும் இராது.

இந்தக் கணக்கில் ஒரு வியப்பு உண்டு. ஓரினத் தொடர் 48 வகையே ஆதலால், 52 வகையாக வரும் டிரெயிலை விட அது அரியது. ஆயினும் ஆட்ட விதி டிரெயிலையே உயர்ந்ததாக வைத்திருக்கிறது. விதி செய்தவர்கள் எண்ணிப் பார்த்து விதி செய்யவில்லை என்பது இதனால் தெரிகிறது. ஐந்து சீட்டுப் போக்கரில் கலர், தொடரை வெல்லும். மூன்று சீட்டில் தொடர், கலரை வெல்லும். இந்த மாற்றம் மட்டும் கணக்கோடு பொருந்துகிறது. ஐந்து சீட்டில் கலர் 5,108 வகையும் தொடர் 10,200 வகையும் வரும். அங்கே கலரே அரியது. மூன்று சீட்டில் தொடரே அரியது.

இவ்வகைக் கணக்கு ஒரு தனி அறிவியலாக வளர்ந்தது ஐரோப்பாவில். இத்தாலிய மருத்துவர் கார்டானோ பதினாறாம் நூற்றாண்டில் பகடையாட்டத்தைப்பற்றி எழுதிய நூல் அவர் இறந்து நெடுநாள் சென்று 1663இல் அச்சாயிற்று. 1654இல், பாதியில் நின்றுபோன ஓர் ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்னும் கேள்வியைப்பற்றிப் பிரெஞ்சு அறிஞர்களான பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டனர். அக்கடிதங்களிலிருந்தே நிகழ்தகவுக் கணிதம் கிளைத்தது. காப்பீட்டுக் கட்டணம் கணிப்பதும், மருந்தின் பயனைச் சோதிப்பதும் இன்று அதன் துணையால் நடைபெறுகின்றன. சூதாடியின் கேள்வியிலிருந்து பிறந்த கணிதம் உலகுக்குப் பயன்பட்டது; சூதாடிக்கு அது சொன்ன செய்தி ஒன்றே ஒன்றுதான். அதனை ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன்.

ஆறு பேர் ஆளுக்கு நூறு ரூபாயுடன் அமர்கின்றனர். மொத்தம் 600. ஒருவர் வென்றால் அது மற்றவர் தோற்ற பணம்; புதிதாக ஒரு காசும் விளைவதில்லை. இப்போது ஆட்டத்தை நடத்துபவர் ஒவ்வொரு சுற்றிலும் நடுவில் சேரும் நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். அறுபது சுற்று முடிந்ததும் 300 ரூபாய் அவரிடம் போய்விடும். ஆறு பேரும் எவ்வளவு திறமையுடன் ஆடினாலும் அவர்களிடையே பாதிப் பணமே மிஞ்சும். ஒருபோதும் தோற்காதவர் சீட்டைத் தொடாத அந்த ஒருவரே.

திறமை என்றால் என்ன, வாய்ப்பு என்றால் என்ன என்னும் இக்கேள்வி நீதிமன்றங்களுக்கும் சென்றது. செகந்திராபாத்தில் ஒரு பொழுதுபோக்குக் கழகத்தில் நடந்த ரம்மி ஆட்டத்தைப்பற்றிய வழக்கில், 1967ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரம்மியில் விழுந்த சீட்டை நினைவில் வைக்கவும், சேர்க்கவும், கழிக்கவும் திறமை வேண்டும்; ஆகவே அது பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று நீதிபதிகள் கூறினர். அதே தீர்ப்பில், பிராக் முதலிய பெயர்களில் வழங்கும் மூன்று சீட்டு முற்றிலும் வாய்ப்பை நம்பிய ஆட்டம் என்று வேறுபடுத்தினர்.

அந்த வேறுபாடு திண்ணை ஆட்டத்துக்குப் போதுமானதாக இருந்தது. கைப்பேசி வந்தபின் போதவில்லை. திண்ணையில் ஆடியவருக்கு எதிரே அமர்ந்தவரின் முகம் தெரியும். இரவு வந்தால் ஆட்டம் கலையும். கையிருப்பு தீர்ந்தால் எழுந்து போகவேண்டும். கைப்பேசியில் முகமில்லை, இரவில்லை, கடனுக்கும் குறைவில்லை. தமிழ்நாட்டில் இணைய ஆட்டங்களில் பணமிழந்து கடன்பட்டோர் பலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். அரசு 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. அதன் அறிக்கைக்குப் பின் இயற்றிய சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவற்றைத் தடைப்பட்டியலில் சேர்த்த பகுதியை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையா வாய்ப்பா என்னும் வேறுபாட்டைக் கருதாமலே, பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்தது. நூற்றாண்டுகளாக நடந்த வாதம் திசைமாறியது. ஆட்டம் எத்தகையது என்று கேட்பதை விட்டு, அதனால் வரும் கேடு எத்தகையது என்று சட்டம் கேட்கத் தொடங்கியது.

"வட்டித் தொழில் மட்டும் சூதாட்டம் இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பருமாவின் முதன்மையான நெல் விளையும் மாவட்டங்களில் 1930இல் நிலத்தில் ஏறத்தாழ 6 சதவீதமே நகரத்தார் வசம் இருந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து, உழவர் கடனைத் திருப்ப முடியாமற்போக, அந்தப் பத்தாண்டின் இறுதியில் அது ஏறத்தாழ 25 சதவீதமாயிற்று. நிலத்தை இழந்த பருமிய உழவரின் துயரையும் இந்த எண்ணில் நாம் காணவேண்டும். 1942இல் ஜப்பானியர் படையெடுத்தபோது, கணக்கில் வல்ல நகரத்தாரும் ஐந்தொகைப் புத்தகங்களை விட்டுவிட்டு நடந்தே திரும்பும் நிலை வந்தது. எண்ணறிந்தவருக்கும் இழப்பு உண்டு. ஆயினும் ஒரு வேறுபாடு நிற்கிறது. கடனாகச் சென்ற பணத்தால் காடு திருந்திக் கழனியாயிற்று; நெல் விளைந்து கடல் கடந்து பலர் பசியைத் தீர்த்தது. சூதின் நடுவில் குவிந்த பணத்தில் ஒரு நெல்மணியும் விளைவதில்லை.

மாணவர்களே, சீட்டைத் தொடாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முந்நூற்று நாலு ஆடுங்கள். நினைவாற்றல் வளரும், கூட்டாளியோடு ஒத்துப்போகும் பண்பு வளரும். போக்கரின் விதியையும் அறிந்துகொள்ளுங்கள். அதன் கணக்கை எழுதிப் பாருங்கள். ஆனால் எந்த ஆட்டத்தைக் கற்றாலும் மூன்றையும் சேர்த்துக் கற்க வேண்டும். ஆடும் விதி ஒன்று. அதனுள் இருக்கும் எண் மற்றொன்று. எழுந்து போகும் நேரம் மூன்றாவது. முதலாவதைக் கற்பிக்க ஆயிரம் பேர் வருவார்கள், தம் செலவிலேயே கற்பித்துத் தருவார்கள். இரண்டாவதைப் பள்ளிக்கூடம் தரும். மூன்றாவதை ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கற்பித்துக்கொள்ள வேண்டும். நளன் அதனைக் கற்க ஒரு நாட்டை விலையாகக் கொடுத்தான். நீங்கள் அவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை.